சூரியகாந்தியில் மணி பிடிக்க: புல்வெளிப் பூ சொல்லும் பாடம்

(சூரியகாந்தி பயிரிடும் விவசாயிகளுக்கான பயிற்சி வகுப்பில் ஆற்றிய உரை)



சூரியகாந்தி பயிரிட்டவர்கள் அறுவடை நேரத்தில் அடிக்கடி சொல்லும் குறை ஒன்று உண்டு. "பயிர் செழிப்பாகத்தான் நின்றது, பூவும் தட்டு அளவுக்கு விரிந்தது. ஆனால் அடித்துத் தூற்றிப் பார்த்தால் பாதிக்குமேல் பொக்கு" என்பார்கள். சிலர் விதையைக் குறை கூறுவார்கள். சிலர் உரத்தைக் குறை கூறுவார்கள். பூக்கும் சமயத்தில் தண்ணீர் கட்ட முடியாமல் போனதைச் சொல்பவர்களும் உண்டு. இவை ஒவ்வொன்றும் காரணமாக இருக்கக்கூடும். ஆனால் நம்மில் பலர் கேட்டுக்கொள்ளாத கேள்வி ஒன்று இருக்கிறது. பூத்த பத்து நாட்களில் நம் வயலுக்குத் தேனீ வந்ததா?

இந்தக் கேள்வி ஏன் முக்கியமானது என்பதைப் புரிந்துகொள்ள, சூரியகாந்தி எங்கே பிறந்தது, அங்கே எப்படி வாழ்ந்தது என்பதைச் சற்றே தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு மருமகளின் குணத்தை அறிய அவள் பிறந்த வீட்டைப் பார் என்போம் அல்லவா? பயிருக்கும் அது பொருந்தும்.

பிறந்த வீடு

வட அமெரிக்காவின் நடுப்பகுதியில், தெற்கே டெக்சாஸ் முதல் வடக்கே கனடா வரை, மரங்கள் குறைந்த மிகப் பெரிய புல்வெளிகள் இருந்தன. இவற்றைப் பிரெய்ரி என்று அழைக்கிறார்கள். கோடையில் வெயில், குளிர்காலத்தில் பனி, இடையிடையே வறட்சி, புல்வெளித் தீ ஆகிய எல்லாவற்றையும் தாங்கும் புற்களும் பூச்செடிகளும் அங்கே வளர்ந்தன. அந்தப் பூச்செடிகளுள் ஒன்றுதான் காட்டுச் சூரியகாந்தி. கன்சாஸ் மாநிலம் 1903-ஆம் ஆண்டில் இதையே தன் மாநிலப் பூவாக அறிவித்தது. இன்றும் அங்கே சாலையோரங்களிலும் வயல் ஓரங்களிலும் இது தானாக முளைத்துப் பூக்கிறது.

இந்தச் செடியைக் கண்டால் நம் சூரியகாந்தி என்று உடனே சொல்லிவிட முடியாது. நம் செடிக்கு ஒரே தண்டு, ஒரே பூ. காட்டுச் செடியோ பல கிளைகள் விட்டுப் படரும். ஒரே செடியில் பல பூக்கள் இருக்கும். பூவின் நடுவட்டு ஏறத்தாழப் பத்து ரூபாய் நாணயத்தின் அளவுதான். பூக்கள் ஒரே சமயத்தில் விரியாமல், கோடை நடுவிலிருந்து பல வாரங்களுக்கு ஒன்றன்பின் ஒன்றாக விரியும். விதை சிறியது. முற்றியதும் உதிர்ந்துவிடும். உதிர்ந்த விதை எல்லாம் உடனே முளைக்காது. சில விதைகள் மண்ணில் உறங்கிக் கிடந்து பின்னர் முளைக்கும்.

இதற்கு நெருங்கிய உறவான மற்றொரு செடியும் அந்தப் புல்வெளியின் மணற்பாங்கான நிலங்களில் வளர்கிறது. அதன் பெயரே பிரெய்ரி சூரியகாந்தி. தாவர நூலில் அதை ஹீலியாந்தஸ் பெட்டியோலாரிஸ் என்பர். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இதற்கும் உங்கள் விதைப் பைக்கும் தொடர்பு உண்டு. அதைப் பின்னர் சொல்கிறேன்.

நம் நீலகிரி, கொடைக்கானல் பகுதிச் சாலையோரங்களில் மஞ்சளாகப் பூத்திருக்கும் பெரிய செடியைச் சிலர் காட்டுச் சூரியகாந்தி என்கிறார்கள். அது வேறு. அது மெக்சிகோ பகுதியிலிருந்து வந்த டித்தோனியா என்னும் செடி.

பூவை நம்பி வாழும் உயிர்கள்

புல்வெளியில் காட்டுச் சூரியகாந்தி பல உயிர்களுக்கு அன்னசத்திரம் போன்றது. அங்கே பெட்டியில் வளர்க்கும் தேனீ அமெரிக்கக் கண்டத்தின் சொந்தத் தேனீ அன்று, ஐரோப்பியர் கொண்டுசென்றது. அதற்கு முன்பே அங்கே பல வகைக் காட்டுத் தேனீக்கள் இருந்தன. அவற்றுள் சில வகைகள் சூரியகாந்தி இனப் பூக்களின் மகரந்தத்தையே பெரிதும் நம்பி வாழ்கின்றன. இவை கூட்டமாக அடை கட்டுவதில்லை. ஒவ்வொரு பெண் தேனீயும் தனியாக மண்ணில் சிறு வளை தோண்டி, அதில் மகரந்த உருண்டை வைத்து, அதன்மேல் முட்டையிடும். சூரியகாந்தி பூக்கும் பருவத்தை ஒட்டியே இவை மண்ணிலிருந்து வெளிவருகின்றன. பூ இல்லையேல் குஞ்சுக்கு உணவு இல்லை.

பெரிய காட்டுத் தேனீயான பம்பிள் தேனீக்கும் இந்தப் பூ பயன்படுகிறது. அந்தத் தேனீயின் குடலில் வாழும் ஓர் ஒட்டுண்ணியைச் சூரியகாந்தி மகரந்தம் வெகுவாகக் குறைக்கிறது என்று அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் 2018-இல் தெரிவித்தார்கள்.

சிலவகை வண்ணத்துப்பூச்சிகளின் புழுக்கள் இதன் இலையைத் தின்று வளர்கின்றன. பூ காய்ந்த பின் விதையைத் தேடிக் கோல்ட்பிஞ்ச் என்னும் சிறு மஞ்சள் குருவியும், காடை இனப் பறவையும் வருகின்றன. நம் வயலில் கிளி வருவது போல் அங்கே வடக்கு டக்கோட்டா மாநிலச் சூரியகாந்தி வயல்களில் கருங்குருவிக் கூட்டம் இறங்கி விதையைத் தின்று, விவசாயிகளுக்குத் தொல்லை கொடுக்கிறது. ஆகவே கிளித் தொல்லை நமக்கு மட்டும் நேர்ந்தது என்று எண்ண வேண்டாம்.

பூ உணவு கொடுத்தது. தேனீ மகரந்தம் சுமந்தது. காட்டுச் சூரியகாந்தி தன் மகரந்தத்தால் தானே விதை பிடிக்காது. அடுத்த செடியின் மகரந்தம் வந்தாக வேண்டும். மகரந்தம் கனமாகவும் ஒட்டும் தன்மையுடனும் இருப்பதால் காற்று அதை அதிகம் எடுத்துச் செல்வதில்லை. எனவே தேனீ இல்லாமல் அந்தச் செடிக்கு வம்சம் இல்லை. இந்தக் குணம்தான் நம் பயிருக்கும் வழிவழியாக வந்திருக்கிறது.

நம் வயலுக்கு வந்த வழி

வட அமெரிக்கப் பழங்குடி மக்கள் 4000 ஆண்டுகளுக்கு முன்பே இந்தச் செடியைத் தேர்ந்தெடுத்துப் பயிராக்கினார்கள். விதையை மாவாக்கி உண்டார்கள், எண்ணெய் எடுத்தார்கள், சாயமும் எடுத்தார்கள். பெரிய பூ, பெரிய விதை என்று அவர்கள் தலைமுறை தலைமுறையாகத் தெரிந்தெடுத்ததால்தான் ஒற்றைத் தண்டுச் செடி உருவாயிற்று. பதினாறாம் நூற்றாண்டில் ஸ்பெயின் நாட்டவர் அதை ஐரோப்பாவுக்குக் கொண்டு சென்றார்கள். ரஷ்யாவில் அது எண்ணெய்ப் பயிராயிற்று. அங்கே புஸ்டோவாய்ட் என்ற விஞ்ஞானி பல ஆண்டுகள் உழைத்து, விதையில் 30 சதம் அளவில் இருந்த எண்ணெயை 50 சதத்துக்கு மேல் உயர்த்தினார். 1969-இல் சோவியத் நாட்டு இரகங்கள் இந்தியாவுக்கு வந்தன.

அடுத்து வீரிய ஒட்டு இரகங்கள். இங்கேதான் பிரெய்ரி சூரியகாந்தி வருகிறது. சூரியகாந்தியின் ஒவ்வொரு சிறு பூவிலும் ஆண், பெண் இரண்டு பாகங்களும் உண்டு. ஒட்டு விதை உற்பத்தி செய்ய வேண்டுமானால் தாய்ச் செடியில் ஆண் பாகத்தை நீக்க வேண்டும். ஒரு பூக்கொண்டையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிறு பூக்கள் இருக்கும்போது கையால் நீக்குவது நடக்கிற காரியமா? 1969-இல் பிரான்சு நாட்டு விஞ்ஞானி லெக்லெர்க், பிரெய்ரி சூரியகாந்தியையும் பயிர்ச் சூரியகாந்தியையும் இணைத்து, மகரந்தமே உண்டாகாத ஆண் மலட்டுச் செடியைக் கண்டதாக அறிவித்தார். ஒட்டுப் பயிரில் மீண்டும் மகரந்தம் உண்டாகச் செய்யும் மரபணுவை அடுத்த ஆண்டில் அமெரிக்காவில் கின்மன் என்பவர் கண்டறிந்தார். இந்த வழியில் நம் நாட்டில் பெங்களூர் வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1980-இல் பி.எஸ்.எச். 1 என்ற முதல் வீரிய ஒட்டு இரகத்தை வெளியிட்டது.

ஆண் மலட்டுத் தன்மை தாய் வழியாகவே இறங்குவது. உலகில் இன்று விற்பனையாகும் சூரியகாந்தி ஒட்டு விதைகளில் மிகப் பெரும்பாலானவை இந்த ஒரே வழியில் வந்தவை. அதாவது நீங்கள் கடையில் வாங்கும் விதையைத் தாய் வழியில் பின்னோக்கிப் பார்த்துக்கொண்டே போனால், மணற்காட்டில் நின்ற ஒரு காட்டுப் பூவில் போய் முடியும். துரு நோயையும் அடிச்சாம்பல் நோயையும் எதிர்க்கும் குணங்கள் பலவும் காட்டுச் சூரியகாந்திகளிடமிருந்தே பெறப்பட்டன. அதனால்தான் அமெரிக்காவில் ஐயோவா மாநிலம் ஏம்ஸ் நகரில் உள்ள விதைச் சேமிப்பு நிலையத்தில், காட்டுச் சூரியகாந்தி விதைகளைப் பல இடங்களிலிருந்து சேகரித்துப் பாதுகாத்து வருகிறார்கள்.

பூக்கொண்டைக்குள் நடப்பது

நாம் ஒரு பூ என்று சொல்வது உண்மையில் ஒரு பூக்கூட்டம். ஓரத்தில் உள்ள மஞ்சள் இதழ்ப் பூக்களில் விதை பிடிக்காது. அவை தேனீயை அழைக்கும் கொடிகள். நடுவட்டில் உள்ள சிறு பூக்களில்தான் மணி பிடிக்கும். அவை வெளி ஓரத்திலிருந்து உள் நோக்கி, நாளுக்குச் சில வரிசைகளாக மலர்கின்றன. ஒரு கொண்டை முழுவதும் மலர ஒரு வாரம் முதல் பத்து நாட்கள் ஆகும்.

ஒவ்வொரு சிறு பூவிலும் முதல் நாள் மகரந்தம் வெளிப்படும். அதற்குப் பின்னரே, பெரும்பாலும் மறுநாள், சூல்முடி இரண்டாகப் பிளந்து மகரந்தத்தை ஏற்கத் தயாராகும். தன் மகரந்தம் தனக்கே விழாமல் இருக்க இயற்கை செய்த ஏற்பாடு இது. எனவே இன்னொரு பூவிலிருந்து மகரந்தத்தைச் சுமந்து வந்து சேர்க்க ஓர் ஆள் வேண்டும். இன்றைய ஒட்டு இரகங்கள் காட்டுச் செடியைப் போல் முழுக்கப் பிறர் மகரந்தத்தை எதிர்பார்ப்பவை அல்ல. தன் மகரந்தத்தாலும் ஓரளவு மணி பிடிக்கும். ஆனால் தேனீ வந்தால் மணி கூடும். எடையும் எண்ணெயும் கூடும்.

முற்றிய பூக்கொண்டை ஏன் கிழக்கு நோக்கியே நிற்கிறது என்று பலர் கேட்பதுண்டு. கலிபோர்னியா ஆராய்ச்சியாளர்கள் இதைச் சோதித்து 2016-இல் விடை சொன்னார்கள். கிழக்கு நோக்கிய பூ காலை வெயிலில் விரைவில் சூடேறுகிறது. அவர்கள் செடிகளைத் தொட்டியோடு மேற்குப் பக்கம் திருப்பி வைத்துப் பார்த்தார்கள். கிழக்கு நோக்கிய பூவுக்குக் காலை வேளையில் ஐந்து மடங்கு அதிகமாகத் தேனீக்கள் வந்தன.

அதே கலிபோர்னியாவில், ஒட்டு விதை உற்பத்தி வயல்களில் நடந்த மற்றோர் ஆய்வு 2006-இல் வெளிவந்தது. பெட்டித் தேனீ ஒரே வரிசையில் சுற்றிக்கொண்டிருக்கும் பழக்கம் உடையது. காட்டுத் தேனீக்கள் அதன்மேல் மோதித் துரத்தும்போது அது ஆண் வரிசையிலிருந்து பெண் வரிசைக்குப் பறக்கிறது. இதனால் பெட்டித் தேனீயின் பயன் ஐந்து மடங்கு வரை கூடியது. பெட்டி வைத்தால் மட்டும் போதாது, வரப்புத் தேனீயும் வேண்டும் என்பது இதன் பொருள்.

உழுது தீர்ந்த புல்வெளி

இப்போது பிறந்த வீட்டின் இன்றைய நிலையைச் சொல்ல வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் எஃகுக் கலப்பை வந்தபின், பிரெய்ரி நிலத்தை வேகமாக உழுது மக்காச்சோளமும் கோதுமையும் பயிரிட்டார்கள். பிரெய்ரியின் கிழக்குப் பகுதியில் இருந்த உயர்ந்த புல்வெளி 17 கோடி ஏக்கர். அதில் இன்று எஞ்சியிருப்பது 4 சதத்துக்கும் குறைவு. பூக்கள் போயின, அவற்றை நம்பிய தேனீயும் பறவையும் குறைந்தன, மழைக்கு மேல் மண்ணும் அடித்துச் செல்லப்பட்டது.

இதைக் கண்டு, ஐயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த விஞ்ஞானிகள் 2007-இல் ஒரு சோதனை தொடங்கினார்கள். சரிவான மக்காச்சோள, சோயா வயல்களில் பத்தில் ஒரு பங்கை மட்டும் விட்டு, அதில் பழைய புல்வெளிப் புற்களையும் பூச்செடிகளையும் பட்டைகளாக விதைத்தார்கள். 2017-இல் வெளியிட்ட முடிவுகள் இவை: அடித்துச் செல்லப்பட்ட மண் இருபதில் ஒரு பங்காகக் குறைந்தது. மகரந்தம் சேர்க்கும் பூச்சிகள் மூன்றரை மடங்காயின. பறவை வகைகள் இரு மடங்குக்குச் சற்று மேலாயின. மீதி நிலத்தில் பயிர் மகசூல் குறையவில்லை.

பெரிய பண்ணைக்காரர் பத்தில் ஒரு பங்கை விடலாம். இரண்டு ஏக்கர் வைத்திருக்கும் நாம் எதை விடுவது என்று நீங்கள் கேட்பது நியாயம். நாம் பயிர் நிலத்தை விட வேண்டியதில்லை. வரப்பும், வாய்க்கால் கரையும், வேலியோரமும், கிணற்று மேடும் நமக்கு இருக்கின்றன. அவற்றைச் சுத்தமாகச் செதுக்கி, களைக்கொல்லி அடித்துக் கருக்காமல் இருந்தாலே போதும்.

நம் வயலில் செய்ய வேண்டியவை

1. வரப்பில் தும்பை, துளசி போன்ற செடிகளையும், வேலியில் ஆவாரை, புங்கன், வேம்பு, முருங்கை போன்றவற்றையும் விட்டு வையுங்கள். சூரியகாந்தி பத்து நாள்தான் பூக்கும். மீதி நாட்களில் தேனீக்கு உணவு தருபவை இவையே. பார்த்தீனியத்தை மட்டும் பூக்கும் முன்பே வேரோடு பிடுங்கிவிடுங்கள்.

2. வரப்பிலும் மேட்டிலும் சிறிது இடத்தையாவது கொத்தாமல் விடுங்கள். மண்ணில் வளை தோண்டி வாழும் தனித் தேனீக்கள் நம் நாட்டிலும் உண்டு. மரத்தில் தொங்கும் மலைத்தேனீ அடையையும் புதரில் இருக்கும் கொம்புத்தேனீ அடையையும் தீயிட்டு அழிக்காதீர்கள்.

3. முடிந்தவர்கள் எக்டருக்கு 5 தேனீப் பெட்டிகள், அதாவது ஏக்கருக்கு 2 பெட்டிகள் வையுங்கள். வயலில் பத்தில் ஒரு பங்கு செடிகள் பூக்கத் தொடங்கும்போது வைப்பது நன்று. நிழல், அருகில் தண்ணீர், எறும்பு ஏறாமல் கால்களுக்கு நீர்க் கிண்ணம் ஆகியவை தேவை. 1991-92-இல் தென்னிந்தியாவில் தாய் சாக்புரூட் என்ற நச்சுயிரி நோயால் இந்தியத் தேனீக் கூட்டங்களில் பெரும்பகுதி அழிந்ததைப் பலர் மறந்திருக்கமாட்டீர்கள். ஆகவே பெட்டி வாங்கும்போது நோயற்ற கூட்டமா என்று பார்த்து வாங்குங்கள்.

4. பூக்கும் காலத்தில் பூச்சி மருந்து தெளிப்பதைத் தவிருங்கள். பூவைத் துளைக்கும் பச்சைக் காய்ப்புழு தென்பட்டால், அந்தப் புழுவுக்கென்றே உள்ள என்.பி.வி. நச்சுயிரிக் கரைசலை மாலையில் தெளிக்கலாம். அது தேனீயைத் தாக்காது. வேறு வழியின்றி மருந்து தெளிக்க நேர்ந்தால், தேனீக்கள் கூடு திரும்பிய பின் மாலையில் மட்டும் தெளியுங்கள். பக்கத்தில் பெட்டி வைத்திருப்பவருக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

5. தேனீ போதாத இடங்களில், பூக்கத் தொடங்கியது முதல் ஒருநாள் விட்டு ஒருநாள், காலை 9 முதல் 11 மணிக்குள், மெல்லிய துணி சுற்றிய கையால் பூக்கொண்டைகளை இலேசாகத் தடவி வாருங்கள். அடுத்தடுத்த செடிகளின் பூக்களை முகத்தோடு முகம் மெதுவாகத் தேய்த்தும் விடலாம். அழுத்தித் தேய்த்தால் சூல்முடி சேதமாகும்.

6. கிளிக்கு அஞ்சித் தனி ஒருவராகப் பயிரிடாதீர்கள். ஊரில் பலர் சேர்ந்து ஒரே பட்டத்தில் விதைத்தால் சேதம் பகிர்ந்து போகும். காலையும் மாலையும் முறை வைத்துக் காவல் காக்கவும் முடியும்.

நீங்களே சோதித்துப் பாருங்கள்

நான் சொன்னதை அப்படியே நம்ப வேண்டாம். வரும் பட்டத்தில் ஒரு சிறு சோதனை செய்யுங்கள். ஒரே அளவுள்ள 15 செடிகளைத் தேர்ந்தெடுங்கள். முதல் 5 பூக்களுக்கு, விரியும் முன்பே கொசுவலைத் துணியால் பை தைத்துக் கட்டிவிடுங்கள். தேனீ நுழையக் கூடாது. அடுத்த 5 பூக்களை அப்படியே விட்டுவிடுங்கள். கடைசி 5 பூக்களைத் திறந்தே வைத்து, ஒருநாள் விட்டு ஒருநாள் பக்கத்துச் செடியின் பூவோடு கையால் சேர்த்துவிடுங்கள். அறுவடையில் மூன்றையும் தனித்தனியே அடித்துத் தூற்றி, நல்ல மணியை எடை போடுங்கள்.

வலை கட்டியதைவிடத் திறந்த பூவில் எடை கூடினால், அந்தக் கூடுதல் எடை தேனீ கொடுத்த கூலி. திறந்து விட்டதைவிடக் கையால் சேர்த்ததில் எடை மிகுதியாக இருந்தால், உங்கள் வயலில் தேனீ போதவில்லை. கையால் சேர்த்த பூவிலும் பொக்கு மிகுந்திருந்தால் குறை வேறு இடத்தில் இருக்கிறது. அப்போது மண் பரிசோதனை செய்யுங்கள். பூக்கும் சமயத்தில் நீர்ப்பாசனத்தைக் கவனியுங்கள். போரான் சத்துக் குறைவா என்று வேளாண்மை அலுவலரிடம் கேளுங்கள்.

விவசாயப் பெருமக்களே, 1990-களில் நம் நாட்டில் 20 இலட்சம் எக்டருக்கு மேல் சூரியகாந்தி நின்றது. இன்று அந்தப் பரப்பு மிகவும் சுருங்கிவிட்டது. சூரியகாந்தி எண்ணெயைப் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வாங்குகிறோம். விலை, நோய், கிளி என்று இதற்குக் காரணங்கள் பல. விலையை நீங்கள் தனியாக மாற்ற முடியாது. ஆனால் உங்கள் வரப்பில் எது பூக்க வேண்டும், உங்கள் வயலில் எந்த நேரத்தில் மருந்து அடிக்க வேண்டும் என்பது உங்கள் கையில்தான் இருக்கிறது.

புல்வெளியை ஒன்று விடாமல் உழுதவர்கள் இன்று அதே பூக்களை விலை கொடுத்து வாங்கி விதைக்கிறார்கள். நம் வரப்புத் தும்பையை நாம் இன்னும் இழக்கவில்லை. இருக்கும்போதே அதைக் காப்போம்.